வான்தூரமும் பயண நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வாரப் பதிப்பில் வெளிவந்த பயணக் குறிப்பில் கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குச் சுமார் 8,700 கிலோமீற்றர் என்றும், பறக்கும் நேரம் 9 மணித்தியாலம் 40 நிமிடம் என்றும் கண்டிருந்தது. தூரத்தில் பிழையில்லை, ஆனால் அந்த நேரம், தூரத்தை மணிக்கு 900 கிலோமீற்றர் என்ற வேகத்தால் வகுத்துப் பெற்ற விடை மட்டுமே. நேரடி விமானம் லண்டன் செல்ல ஏறத்தாழ 11 மணித்தியாலம் எடுக்கிறது.

புவியியல் படிப்பித்தவன் என்ற முறையில் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பூகோள உருண்டையில் கொழும்புக்கும் லண்டனுக்கும் இடையே ஒரு வலைநூலை இழுத்துப் பிடித்தால், அது அரபிக் கடல், ஈரான், கருங்கடல் ஆகியவற்றின் மேலாகச் சென்று உக்ரேனின் தென்பகுதியைத் தொடும். 8,700 என்பது அந்த நூலின் நீளம். 2022 பெப்ரவரி முதல் உக்ரேனின் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், நூல் போகும் வழியில் விமானம் போக முடியாது. அத்துடன் சுமார் பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் கடுங்காற்றை, போகும்போது எதிர்த்துப் பறக்க வேண்டும். திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளுவதால் வருகை சற்று விரைவாக முடிகிறது.

இதைவிடப் பெரிய குழப்பம் பயணச்சீட்டிலேயே இருக்கிறது. கடந்த மார்கழியில் என் தாயார் லண்டனிலுள்ள தங்கை வீட்டுக்குச் சென்றார். புறப்பாடு பிற்பகல் 1.00, வருகை மாலை 6.30 என்று சீட்டில் இருந்ததைப் பார்த்தவர், "ஐந்தரை மணித்தியாலம்தானே மகன், இரவுக் குளிசையை அங்கே போய்ப் போடலாம்" என்று சீனி வருத்தக் குளிசைகளைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டார். இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்பதும், குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலமும் கோடையில் நாலரை மணித்தியாலமும் பிந்தியிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. தெரிந்த நானும் பெட்டி கட்டும் அவசரத்தில் கவனிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டு வேளையில் குளிசை விமானத்தின் அடிவயிற்றில் கிடந்தது. அவர் இறங்கியபோது நம் வீட்டு மணிக்கூட்டில் நள்ளிரவு.

மட்டக்களப்பு வாசகருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கல்லடியிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்தான். பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் வழியாக வீதியில் முந்நூறு. விமானம் புறப்பட மூன்று மணித்தியாலத்துக்கு முன் அங்கு நிற்க வேண்டுமென்பதால், அதிகாலை இரண்டு மணிக்கு வேன் ஏறினோம். வெலிக்கந்தைப் பக்கம் யானை வீதியில் நின்றால் சாரதி விளக்கை அணைத்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை; அந்த நேரத்தை எந்தக் கணிப்பானும் கூட்டுவதில்லை. இரண்டு மணிக்கு வீட்டுப் படலையைச் சாத்தியது முதல் ஹீத்ரோவில் சக்கரம் தரை தொட்டது வரை 22 மணித்தியாலம். அதில் வானில் கழிந்தது சரிபாதி.

ஆகவே, இனிமேல் இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது வகுத்துப் பெற்ற நேரத்தை விடுத்து, விமான அட்டவணையிலுள்ள நேரத்தையும், இரு ஊர்களின் மணி வேறுபாட்டையும், கிழக்கிலிருந்து கட்டுநாயக்கவை அடையும் வீதி நேரத்தையும் சேர்த்துத் தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.