ஓரமாகப் போ

கலிஃபோர்னியா
ஆகஸ்ட் 10

அன்புள்ள சேகர்,

கார்த்திக்கு இங்கே டேவிஸ் காலேஜில் இடம் கிடைத்த செய்தியோடு உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ராதிகா அன்றே பாயசம் வைத்துவிட்டாள். எனக்குச் சர்க்கரை என்பதால் இரண்டு கரண்டியோடு சரி. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை, கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தேன். பதறாதே, சைக்கிள் ஓட்டியதற்காகத்தான்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். போக இரண்டு லேன், வர இரண்டு லேன் உள்ள சாலை. வலது ஓரம் நெடுக கார்கள் நிற்கும். நான் வலது லேனின் நடுவில் போகிறேன். பின்னால் சைரன் ஒரு தடவை சிணுங்கியது. இறங்கினேன். போலீஸ்காரர் இளைஞர், கார்த்தியைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். "சைக்கிள் ஓரமாகத்தான் போக வேண்டும் சார், நீங்கள் போக்குவரத்தை மறிக்கிறீர்கள்" என்றார். விதிவிலக்கு இருக்கிறதே என்று நான் ஆரம்பித்தேன். "அதைக் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளுங்கள்" என்று அபராத டிக்கெட்டை நீட்டினார். மாநில வாகனச் சட்டம், பிரிவு 21202.

அந்த நிமிஷம் எனக்கு யார் ஞாபகம் வந்தது தெரியுமா? மணிக்கூண்டு அடியில் நிற்பாரே, அந்த ஏட்டு. பரீட்சை முடிந்து டபுள்ஸ் போனோம், நீ கேரியரில், நான் மிதிக்க. "எந்தச் சட்டம் ஐயா?" என்று நீ கேட்டாய். பதிலுக்கு இரண்டு சக்கரத்துக் காற்றையும் பிடுங்கிவிட்டு, வால்டியூபைத் தன் பையில் போட்டுக்கொண்டார். வாய் உன்னுடையது. இரண்டு மைல் தள்ளிக்கொண்டு போனவன் நான்.

இந்தத் தடவை சும்மா தள்ளிக்கொண்டு போவதில்லை என்று முடிவு செய்தேன். அன்று இரவே அந்தப் பிரிவை முழுதாகப் படித்தேன். மற்ற வண்டிகளைவிட மெதுவாகப் போகும் சைக்கிள் வலது ஓரத்தை ஒட்டிப் போக வேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறது. எவ்வளவு ஒட்டி? அங்கே 'பாசிபிள்' என்று போடாமல் 'பிராக்டிகபிள்' என்று போட்டிருக்கிறார்கள். முடிந்த மட்டும் ஓரம் என்பது வேறு, ஒத்துவரும் அளவுக்கு ஓரம் என்பது வேறு. அதற்குக் கீழே வரிசையாக விலக்குகள். முன்னால் போகிறவரை முந்தலாம், இடப்பக்கம் திரும்ப நகரலாம், வலப்பக்கம் திரும்ப வழியுள்ள இடம் வந்தால் விலகலாம். பள்ளம், நிற்கும் வண்டி, நடக்கிற மனிதர், குறுக்கே வரும் பிராணி எதையும் தவிர்க்க விலகலாம். முக்கியமாக, லேனே குறுகலாக இருந்தால், அதாவது ஒரு காரும் ஒரு சைக்கிளும் அதில் பக்கத்துப் பக்கத்தில் பத்திரமாகப் போக முடியாது என்றால், ஓரத்தை ஒட்ட வேண்டியதே இல்லை. இதற்கெல்லாம் முன்னால் பிரிவு 21200 இருக்கிறது. சாலையில் மற்ற வண்டி ஓட்டுகிறவருக்கு உள்ள உரிமையும் பொறுப்பும் சைக்கிள்காரனுக்கும் உண்டு என்கிறது அது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மீனாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, டேப் வைத்து லேனை அளந்தோம். சரியாக 11 அடி. கணக்குப் போட்டுப் பார். நிற்கிற கார் எதுவும் சட்டென்று கதவைத் திறக்கலாம். என் கார்க் கதவையே திறந்து அளந்தேன், மூன்றடிக்கு மேல் நீட்டுகிறது. அதற்கு 3 அடி விட்டால், ஹேண்டில்பாருக்கு 2 அடி. என்னை முந்துகிற வண்டி குறைந்தது 3 அடி தள்ளிப் போக வேண்டும் என்று 2014 செப்டம்பரிலிருந்து இங்கே சட்டம். ஆக 8 போயிற்று. மிச்சம் 3 அடி. அதில் எந்தக் கார் நுழையும்? கொலு பொம்மைக் கார் நுழையும். நான் ஓரமாக ஒதுங்கினால் 'இடம் இருக்கிறது, புகுந்து போ' என்று பின்னால் வருகிறவனுக்கு நானே பொய் சொன்ன மாதிரி. நடுவில் போனால் அவன் பக்கத்து லேனுக்கு மாறிப் போவான். 2023 ஜனவரியிலிருந்து, பக்கத்து லேன் காலியாக இருந்தால் மாறித்தான் சைக்கிளை முந்த வேண்டும் என்றும் சட்டம் வந்துவிட்டது. ஆக, நான் யாரை மறித்தேன்?

கோர்ட்டில் அரை நாள் காத்திருந்தேன். போலீஸ்காரர் வரமாட்டார், கேஸ் தானாகத் தள்ளுபடி ஆகிவிடும் என்று ஆபீஸில் சொல்லி அனுப்பினார்கள். வந்தார். எனக்கு அதுவே திருப்தி. ஜட்ஜ் அம்மா டேப் போட்டோவைப் பார்த்தார், "நீங்கள் லேனை அளந்தீர்களா?" என்று போலீஸ்காரரைக் கேட்டார். இல்லை என்றார். அந்த அம்மாள் விலக்குகளை வாய்விட்டுப் படித்தார், குறுகலான லேன் என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை படித்தார். குற்றமில்லை என்று தீர்ப்பு. எல்லாம் சேர்ந்து ஒன்பது நிமிஷம்.

வெளியே வராந்தாவில் அந்தப் போலீஸ்காரப் பையன் என்னிடம் வந்து, அந்த விலக்கு எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று கேட்டான். குதர்க்கம் இல்லை, நிஜமாகத்தான் கேட்டான். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அவன் அந்தப் பிரிவின் முதல் வரியோடு நின்றுவிட்டான், அவ்வளவுதான். சாலையைக் கார் கண்ணாடி வழியாகவே பார்த்துப் பழகியவனுக்கு நடுவில் போகிற சைக்கிள் தப்பாகத்தான் தெரியும். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு அரை நாள் லீவு கிடைத்தது, இங்கிலீஷ் தெரியும், டேப் பிடிக்க மகள் இருந்தாள். இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகிற ஓட்டல்காரன் டிக்கெட் பணத்தைக் கட்டிவிட்டு மறுநாளிலிருந்து கதவோரத்தில் போவான்.

தேடும்போது ஓஹையோவில் டிராட்வுட் என்ற ஊரின் கேஸ் ஒன்று கண்ணில் பட்டது. 1999-ல் ஒருவர் மேட்டில் மணிக்கு 15 மைல் வேகத்தில் மிதித்துக்கொண்டு போயிருக்கிறார். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று டிக்கெட். அடுத்த வருஷம் அப்பீல் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது. சைக்கிளால் நியாயமாக எவ்வளவு வேகம் போக முடியுமோ அவ்வளவு போகிறவரை இடைஞ்சல் என்று பிடிக்க முடியாது என்று. டிராக்டர் மெதுவாகப் போனால் யாரும் இப்படிக் கேட்பதில்லை!

இத்தனை பேசும் நான் யோக்கியன் இல்லை. ஆளில்லாத ஸ்டாப் போர்டில் நிற்காமல் போயிருக்கிறேன். ஐடஹோ மாநிலத்தில் 1982-லிருந்தே சைக்கிளுக்கு அதற்கு அனுமதி உண்டு. இங்கே 2021-ல் சட்டசபை மசோதா நிறைவேற்றியும் கவர்னர் வீட்டோ போட்டுவிட்டார். அதனால் பிடித்தால் வாயை மூடிக்கொண்டு கட்ட வேண்டியதுதான்.

கார்த்தியிடம் இதைச் சொல். டேவிஸ் சைக்கிள் ஊர். அமெரிக்காவில் முதல் சைக்கிள் லேன் போட்டதே அங்கேதான், 1967-ல். போனதும் வண்டி வாங்குவான். இரவில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் கட்டாயம். இரண்டு காதிலும் இயர்போன் கூடாது. பதினெட்டு வயதுக்கு மேல் ஹெல்மெட் சட்டப்படி தேவையில்லை, ஆனால் நான் வாங்கித் தருவேன், அவன் போடுவான். போலீஸ் டிக்கெட் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிடட்டும். கோர்ட்டுக்கு வருகிறேன் என்ற உறுதிதான் அது, குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. ரோட்டில் வாதாட வேண்டாம். அந்த விஷயத்தில் அப்பனைக் கொண்டிருக்காமல் இருந்தால் சரி.

விமானம் எத்தனை மணிக்கு என்று எழுது, நானே போய் அழைத்து வருகிறேன். டிசம்பர் கடைசியில் நாங்கள் அங்கே வருகிறோம். உன் பழைய ஹெர்குலிஸ் இன்னும் கொட்டகையில் இருந்தால் டியூப் மாற்றி வை. இந்தத் தடவை நான் கேரியரில்.

அன்புடன்,
மணி