ஒரு வெந்நீர்ப் பைக்கும் பதிமூன்று பெயர்களுக்கும் நன்றி

அயர்லாந்தின் கால்வே பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் எங்கள் கேலிக் விளையாட்டுக் கிளப்காரர்களுக்கும் வணக்கம்.

நேற்று இரவு எட்டே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. ஃப்ரிட்ஜ் உறுமிய சத்தத்தில் அம்மா பதறி எழுந்துவிட்டார். பதினொரு நாளாக அந்தச் சத்தமே இல்லாமல் பழகிவிட்டது. இரண்டு தெரு தள்ளி இன்னும் வரவில்லை. அதனால் சந்தோஷப்படக்கூடக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஏயோவின் புயலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 183 கிலோமீட்டர் வேகம் பதிவான மேஸ் ஹெட் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பக்கத்து மாவட்டமான மேயோவில், பெக்கன் ஊரின் அவ்வளவு பெரிய விளையாட்டுக் கூடாரமே கிழிந்து தரையோடு போயிற்று. எங்கள் மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த வலை பறந்ததை அதோடு சேர்த்துப் பேசவே முடியாது.

கரண்ட் இல்லை என்றால் கிணற்று மோட்டார் ஓடாது, தண்ணீர் இல்லை. எண்ணெய் ஹீட்டர் எரியாது. ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அம்மாவை வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் நான் அழுதேவிட்டேன். அப்போதுதான் கிளப் கட்டடத்தில் ஜெனரேட்டர் போட்டிருப்பதாகச் செய்தி வந்தது. போன் சார்ஜ் போடலாம், குளிக்கலாம், டீ குடிக்கலாம், யாரும் வரலாம்.

ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவந்த விவசாயிக்கும், விழுந்த மரத்தை வெட்டி வழி விட்ட பையன்களுக்கும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கெட்டிலை இறக்காத கமிட்டிக்காரர்களுக்கும், கால்வே நகரத்திலிருந்து புளிசாதமும் பேட்டரி விளக்கும் அனுப்பிய நம் ஆட்களுக்கும் நன்றி. விருந்தினர் அணியின் உடைமாற்றும் அறையில் அம்மா நிம்மதியாகக் குளித்தார். எதிரணிக்கு அங்கே அவ்வளவு சுடுதண்ணீர் கிடைத்திருக்காது என்று ஒருவர் சிரித்தார்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது மட்டைப் பாட்டிக்காக.

அவரை அப்படிக் கூப்பிடுவது என் மகள். மட்டையும் பந்தும் வைத்துப் பெண்கள் ஆடும் ஐரிஷ் ஆட்டமான கமோகியின் பயிற்சி நடக்கும்போது ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, குழந்தைகளின் ஹர்லி மட்டைக்குப் பிடி நாடா சுற்றிக் கொடுப்பவர். இரண்டு வருடத்தில் நான் அவரோடு பேசியது 'ஹலோ', 'குளிர் ஜாஸ்தி', அவ்வளவுதான். அன்று மாலை அவர் எதுவும் கேட்காமல் வந்து அம்மாவின் மடியில் ஒரு வெந்நீர்ப் பையை வைத்தார். பழைய கால்வே ஜெர்சி ஒன்றை வெட்டி அதற்கு உறை தைத்திருந்தார். அரக்குச் சிவப்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டி. பை ஆறும்போதெல்லாம் எழுந்து போய் மாற்றிக்கொண்டு வந்தார். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வேறு சரியில்லை.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. சொந்த ஊர் கோவில்பட்டி. ஹாக்கி பார்த்து வளர்ந்தவர். சுவரில் மாட்டியிருந்த மட்டையைத் தொட்டுப் பார்த்து, "ஹாக்கி மட்ட மாதிரிதான் இருக்கு, அடிப்பக்கம் மட்டும் அகலமா இருக்கு" என்றார். நான் மொழிபெயர்த்தேன். பாட்டி கையைப் பிடித்து அம்மாவைச் சுவர் ஓரமாக அழைத்துப் போனார். அங்கே கிளப்பின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. அயர்லாந்துக்கே உரிய கேலிக் கால்பந்தின் அணிகள் எல்லாவற்றுக்கும் கீழே ஒவ்வொரு பெயரும் அச்சில் இருக்கிறது. யார் கோல் அடித்தது, எத்தனை புள்ளி, எல்லாம். ஒரே ஒரு படத்தில் மட்டும் 'கமோகி அணி' என்று இரண்டே சொல். மடிப்பு வைத்த கவுன், கறுப்பு ஸ்டாக்கிங், 1960-களின் கொண்டை. பதினான்கு பெண்கள்.

அம்மா முதல் முகத்தில் விரலை வைத்து, "இது யாரு?" என்று தமிழிலேயே கேட்டார். பாட்டிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பெயரைச் சொன்னார். அடுத்த முகம். அடுத்த பெயர். தபால் ஆபீஸ்காரரின் மகள், பாஸ்டனுக்குப் போனவள், கன்னியாஸ்திரி ஆனவள். பின்வரிசையில் ஓரமாக, மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முறைக்கிற பெண் பாட்டிதான். கோல்கீப்பர். நான் பையில் கிடந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், அவசரத்துக்குத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டு பேர் ஆட்டக்காரர்கள், இரண்டு பேர் மாற்று. 1999 வரை கமோகிக்கு ஒரு பக்கம் பன்னிரண்டு பேர்தான். அப்புறம்தான், இதே மாதிரி ஆண்கள் ஆடும் ஹர்லிங்கில் இருப்பதுபோல் பதினைந்து. அதை அவர் சொன்ன தொனியில் இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது.

பெயர்கள் ஏன் இல்லை என்று கேட்டேன். ஜி.ஏ.ஏ. என்கிற கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884-ல் தர்லஸ் ஊரின் ஹேஸ் ஹோட்டலில் தொடங்கியது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கமோகி சங்கம் 1904-ல் தனியாக வந்தது. பெண்கள் கேலிக் கால்பந்துக்கு 1974-ல், அதே ஹோட்டலில், இன்னொரு சங்கம். ஊர் ஒன்று, மைதானம் ஒன்று, குடும்பங்களும் அவையேதான். ஆனால் கணக்குப் புத்தகம் தனித்தனி. கால்பந்து நோட்டு கிளப் பீரோவில் பத்திரமாக இருந்தது. கமோகி நோட்டு செயலாளரின் சமையலறை இழுப்பறையில் இருந்தது. வீடு மாறியபோது அது போயிற்று. "யாரும் ஒளித்துவைக்கவில்லை, யாரும் தேடவும் இல்லை" என்றார் பாட்டி. கிளப்பின் வரலாறு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிறு புத்தகத்தை அப்புறம் புரட்டினேன். கமோகிக்கு அரைப் பக்கம். அதிலும் பாதி, விழாவுக்கு வந்த பாதிரியார்.

இத்தனை வருடம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று நானும் டீ குடித்திருக்கிறேன். ஒரு முகத்தைக் கூட யாரென்று கேட்டதில்லை. என் மகள் போட்டுக்கொள்ளும் சட்டையின் பழைய சொந்தக்காரிகள் அவர்கள்.

அதனால் கமிட்டிக்கு ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறேன், இங்கேயும் எழுதிவிடுகிறேன், பின்வாங்க முடியாதபடி. வீடு வீடாகப் போய் டிராயரில், பிஸ்கட் டின்னில் கிடக்கும் கமோகிப் படங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, பெயர் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். மருந்துச் சீட்டில் இருப்பதை ஏற்கெனவே இங்கிலீஷில் மாற்றியாகிவிட்டது. ஸ்பெல்லிங்கை மட்டும் பாட்டி பார்க்க வேண்டும். ஐரிஷ் பெயர்களை நான் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன், அதில் பாதி அவருக்கே சிரிப்பு வரும்.

பதிமூன்று பெயர் கிடைத்துவிட்டது. முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, பல் தெரியச் சிரிக்கும் பெண்ணின் பெயர் மட்டும் பாட்டிக்கு நினைவில்லை. ஒரே ஒரு வருடம்தான் ஆடினாளாம், அப்புறம் இங்கிலாந்துக்குப் போய்விட்டாளாம். படத்தின் நகலைக் கிளப் வாசலில் ஒட்டியிருக்கிறேன். தெரிந்தவர்கள் அதன் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள், பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

வெந்நீர்ப் பையைத் திருப்பிக் கொடுக்க இன்று காலை போனேன். பையை வாங்கிக்கொண்டார், ஜெர்சி உறையைக் கழற்றி என் கையிலேயே திணித்தார், அம்மாவுக்காம். கோவில்பட்டி வெயிலுக்கு எதற்கு அது என்று அம்மாவிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறார்.