மரமேற்றிய வழிகாட்டிக்கு நன்றி

மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள டானம் பள்ளத்தாக்கில், மரமேறிப் பழக்கமே இல்லாத எங்கள் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் குழுவை மெரந்தி என்னும் உயர்ந்த மழைக்காட்டு மரத்தின் மேல்கிளைகள் வரை பத்திரமாக ஏற்றி இறக்கிய வழிகாட்டிக்கு, அவர் விரும்பியபடி பெயரைக் குறிப்பிடாமல், மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். கவணால் மெல்லிய நூலைக் கிளைக்கு மேலே எறிந்து, அதன்வழி ஏறுகயிற்றை இழுத்தபின், இருவர் சேர்ந்து தொங்கிக் கிளையின் உறுதியைச் சோதிக்காமல் அவர் எவரையும் ஏறவிட்டதில்லை. கயிற்றின் அடிமுனையை இறக்கும் கருவியோடு பிணைத்திருந்ததால், மேலே எவரேனும் மயங்கினாலும் கீழிருந்தே இறக்கிவிடலாம் என்பதை முதலில் தாழ்வான உயரத்தில் செய்துகாட்டினார். எங்கள் அச்சத்தில் பாதி அங்கேயே அகன்றது. வெகுநேரம் அசைவற்றுத் தொங்கினால் இரத்த ஓட்டம் தடைபடும் என்பதால், கால்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். நல்ல வெளிச்சம் இருந்தும், தொலைவில் இடியோசை கேட்டவுடன் அனைவரையும் இறக்கிவிட்டார். இயக்குநருக்கு அதில் வருத்தம்தான், எங்களுக்கு இல்லை.