வடிதாள் செய்த வேலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் போடாததற்குக் காரணம் கரித்தூள். சிரிக்காதே, சொல்கிறேன்.

இந்தப் பருவத்தில் எங்களுக்குப் புறப்பரப்பு வேதியியல். பள்ளியில் நீயும் நானும் தேர்வுக்கு முந்தின இரவில் நாலு வேறுபாடுகளை உருப்போட்டு ஒப்பேற்றினோமே, அதே பாடம்தான். பரப்பு கவர்தல் மேலே ஒட்டுவது, உறிஞ்சுதல் உள்ளே போவது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இப்போது மாதக்கணக்கில் படுகிறேன்.

சோதனை எளிது. ஆறு குடுவைகளில் வெவ்வேறு செறிவில் அசிட்டிக் அமிலம், ஒவ்வொன்றிலும் 1 கிராம் கரி. நன்றாகக் குலுக்கி, வடிகட்டி, மிச்சமிருக்கும் அமிலம் எவ்வளவு என்று சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்து அளக்க வேண்டும். கரி பிடித்த அமிலத்துக்கும் மிச்சச் செறிவுக்கும் மடக்கை (log) எடுத்துப் புள்ளி வைத்தால், பரப்பு கவர்தலுக்கு வேதியியலாளர் பிராய்ண்ட்லிச் சொன்ன நேர்கோடு வர வேண்டும். எனக்கு வரவில்லை. செறிவு குறைந்த இரண்டு குடுவைகளும் கோட்டுக்கு மேலே தனியாக நின்றன. மறுபடி செய்தேன், மறுபடியும் அப்படியே. அளவு பார்க்கும் பியூரெட்டைச் சந்தேகப்பட்டேன், நிறம் காட்டும் பினாப்தலீனைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஆய்வக உதவியாளர் அண்ணன்தான் கேட்டார்: “முதலில் வடிகிறதைக் கொட்டினாயாம்மா?”

கொட்டவில்லை. வடிதாளும் ஒரு பரப்புதானே! அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; நான் அதையும் கரி பிடித்ததாகக் கணக்கிட்டுவிட்டேன். அமிலம் குறைவாக உள்ள குடுவையில் அந்தக் கொஞ்சமே பெரிய கணக்காகிவிடுகிறது. முதல் சில மில்லியைக் கொட்டிவிட்டுச் செய்தேன், கோடு வந்தது. வேறுபாட்டை மனப்பாடம் செய்தவளுக்கு இது தோன்றவில்லை பார்.

பரப்பு என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார்: ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்று ஒரு ஜெர்மன் பெண்மணி. பெண் என்பதால் பல்கலைக்கழகப் படிப்பு கிடைக்கவில்லை. பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய்ப் படலம் என்ன செய்கிறது என்று கவனித்து, தானே ஒரு தொட்டி செய்து பரப்பு இழுவிசையை அளந்திருக்கிறார். 1891இல் அதை ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பி அச்சேற்றினார். அந்தத் தொட்டியின் வழியில் வந்ததுதான் அமெரிக்க வேதியியலாளர் லாங்மியூரின் கருவி. லாங்மியூருக்கு 1932இல் நோபல் பரிசு. ஆக்னஸ் பெயர் நம் பள்ளிப் புத்தகத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வினையின் வேகத்தை வினையூக்கி மாற்றும் வினைவேக மாற்றப் பாடம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அம்மோனியா தயாரிப்பில் இரும்பின் பரப்பில் நைட்ரஜன் மூலக்கூறு இரண்டாகப் பிரிவதுதான் மெதுவான படி என்று ஜெர்மன் வேதியியலாளர் எர்ட்டல் காட்டிய பகுதி மட்டும் பிடித்திருக்கிறது. மற்றதெல்லாம் சமன்பாடு, தூக்கம்.

சரி, உன் மாணவர்களுக்கு டிண்டால் விளைவை, அதாவது கூழ்மத்தின் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதை, எப்படிக் காட்டுவது என்று கேட்டிருந்தாய். கொதிக்கும் நீரில் ஃபெரிக் குளோரைடைத் துளித்துளியாக விடு. செம்பழுப்பாக மாறும், ஆனால் தெளிவாகவே இருக்கும். ஆறவைத்து, நீர் சேர்த்து நீர்க்கச் செய்து, இருட்டில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால் அதன் பாதை பளிச்சென்று தெரியும். பக்கத்தில் உப்புக் கரைசலையும் வை, அதில் தெரியாது. குடுவை சுத்தமாக இருக்கட்டும். அழுக்கோடு கொஞ்சம் உப்பு ஒட்டியிருந்தாலும் கூழ்மம் திரிந்து, துகள்கள் ஒன்றுசேர்ந்து படிந்துவிடலாம்.

அப்புறம், புது வகுப்பில் சத்தம் அடங்கியதா? வியாழக்கிழமை எனக்கும் திரிதல் சோதனைதான். எதிர்மின்னூட்டமுள்ள ஒரு கூழ்மத்தைத் திரியவைக்க, சோடியம் உப்பை விட அலுமினியம் உப்பு எத்தனை துளி குறைவாகக் கேட்கிறது என்று எண்ண வேண்டும். எண்ணிவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி