ஓர்க்குகளுக்கும் ஊர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டின் 1977ஆம் ஆண்டு அரக்கர் கையேடு, ஓர்க்குகள் என்ற கற்பனை இனத்தின் மீது ‘தீயவர்’ என்ற முத்திரையைக் குத்தியது. பிறப்பைக் கொண்டு ஒரு கூட்டத்தின் குணத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓர்க்குகளைக் காட்டும் விதத்தை மாற்றுவதாகப் பதிப்பாளர்கள் 2020இல் அறிவித்தனர். 2024 விதிநூலில் ‘ரேஸ்’ (இனம்) என்ற சொல்லையே நீக்கி ‘ஸ்பீசிஸ்’ (உயிரின வகை) என்றாக்கினர்.

இம்மாற்றத்தை வரவேற்கிறேன். ஆனாலும் கதையைச் சொல்லி, அதில் எதிர்ப்படும் பாத்திரங்களாகப் பேசும் கதை நடத்துபவர் உழைக்காமல் ஒரு சமூகம் உருவாகாது. 2004இல் வந்த எபரான் என்னும் கதை உலகில், வேற்றுலகக் கொடுமைகள் நுழையாதபடி வாயில்களை முத்திரையிட்டுக் காத்து நிற்பவர்கள் சதுப்பு நிலத்து ஓர்க்குகள்தாம். அந்தக் கதையை எங்கள் வீட்டு மேசையில் நடத்தியபோது, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, காவல் இருந்த ஓர்க் கிழவியிடம், “பாட்டி, உங்களுக்குப் பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்று கேட்டாள். என் குறிப்பேட்டில் கிழவியின் வலிமையும் ஆயுதமும்தான் இருந்தன. அன்றிரவே அவர்கள் உண்பது என்ன, வழக்கைத் தீர்ப்பவர் யார், காவலை வெறுத்து ஊரைவிட்டுப் போன பேரன் எங்கே என்றெல்லாம் எழுதத் தொடங்கினேன். கதை நடத்தும் நண்பர்கள், ஆயுதக் கணக்குக்கு முன்பாக இக்கேள்விகளை எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். மறுவாரம் அச்சிறுமி வந்ததும் முதலில் விசாரித்தது அந்தப் பேரனைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்