தம்பிக்கு, ராத்திரிச் சூடு பற்றி

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சூரியக் குடும்பமே பால்வீதிக்குள் ஏதோ ஒரு வாயு மேகத்துக்குள் நுழைகிறதாம், அதனால்தான் பூமி சூடாகிறதாம், மனுஷனால் ஆவது ஒன்றுமில்லையாம், அதனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் உன்னோடு அங்கே வந்துவிட வேண்டுமாம். வருவதும் வராததும் வேறு பேச்சு. ஆனால் அந்த மேகக் கணக்குக்கு நான் பதில் சொல்லாமல் விட்டது எனக்கே பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவள் உன் அம்மா, எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தெளியும்.

சூரியன் நகர்வது நிஜம்தான், அது எனக்கு எப்போதுமே பிடித்த பாடம். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கரண்ட் போன ராத்திரிகளில் களத்தில் பாய் விரித்துப் படுப்போமே, ஆடி மாசம் வானம் தெளிந்தால் தெற்கே தனுசு ராசிப் பக்கம் பால்வீதி தடித்துத் தெரியுமே, அந்தப் பக்கம்தான் அதன் நடு. அந்த நடுவைச் சூரியன் விநாடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, நம்மையும் வியாழனையும் சனியையும் எல்லாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, திருவாரூர் ஆழித்தேர் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வருகிற மாதிரி. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 23 கோடி வருஷம். போகிற வழியில் பால்வீதித் தட்டுக்கு மேலேயும் கீழேயும் ஏறி இறங்குகிறது, அதுவும் கோடிக்கணக்கான வருஷக் கணக்குதான். போன தடவை சூரியன் இதே இடத்துக்கு வந்தபோது டைனோசர்கள் தலைகாட்டத் தொடங்கிய காலம், காவிரியும் இல்லை, வங்காள விரிகுடாவும் இல்லை.

இந்தப் பயணத்துக்கும் பருவநிலைக்கும் சம்பந்தம் இருக்குமா என்று கேட்டவர்கள் விவரமில்லாதவர்கள் இல்லை தம்பி. ஜெருசலேமில் நிர் ஷாவிவ் என்ற விஞ்ஞானி 2002ல் சொன்னார், பால்வீதியில் நட்சத்திரங்கள் நெருங்கிக் கிடக்கிற சுருள் கைகளைச் சூரியன் கடக்கும்போதெல்லாம் அங்கே வெடிக்கிற நட்சத்திரங்களிலிருந்து காஸ்மிக் கதிர்கள், அதாவது வேகமாகப் பாயும் நுண்துகள்கள், அதிகம் வரும், அவை நம் காற்றில் மேகம் உருவாக வித்துப் போடும், மேகம் வெயிலைத் திருப்பிவிடும், பூமி குளிரும் என்று. சுமார் 14 கோடி வருஷத்துக்கு ஒரு முறை வரும் பெரிய பனியுகங்களை அப்படி விளக்கினார். பலர் மறுத்தார்கள், வாதம் நடந்தது. அப்புறம் 2024ல் மெராவ் ஓஃபர் என்ற அம்மையாரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒன்று எழுதினார்கள், அதுதான் நீ சொன்ன மேகத்துக்குக் கிட்டே வருகிறது. சூரியனிலிருந்து வீசுகிற காற்று நம்மைச் சுற்றி ஒரு பெரிய குமிழியைப் பிடித்து வைத்திருக்கிறது, வாயேஜர் 1 விண்கலம் அந்தக் குமிழியைத் தாண்டி வெளியே போனதே 2012ல்தான். இருபது முப்பது லட்சம் வருஷங்களுக்கு முன் சூரியன் ஒரு குளிர்ந்த, அடர்ந்த மேகத்துக்குள் போயிருக்கலாம், அப்போது அந்தக் குமிழி பூமியின் பாதைக்கும் உள்ளே சுருங்கியிருக்கும், பூமி மேகத்தில் நேராக நனைந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. கடலடி மண்ணிலும் நிலாவிலும் கிடைத்த இரும்பு-60 அதற்கு ஒரு சாட்சி. அந்த இரும்பு 26 லட்சம் வருஷத்தில் பாதியாகக் கரைந்துபோகிற ஜாதி, பூமி பிறந்தபோதே இருந்திருந்தால் இன்றைக்கு மிச்சமிருக்காது, பிற்பாடு வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க முடியும். 2025ல் இன்னொரு கூட்டம், நட்சத்திரங்களின் இடத்தை அளக்கிற கையா விண்கலத்தின் அளவுகளை வைத்து, சுமார் 1 கோடியே 40 லட்சம் வருஷங்களுக்கு முன் சூரியன் ஓரியன் பக்கத்து வாயுத் திரளைக் கடந்தது என்று காட்டியது. அண்டார்டிகாவில் பனி பெருகியதும் ஏறக்குறைய அப்போதுதான், ஆனால் காலம் ஒத்துப்போகிறது என்பது மட்டும் நிரூபணம் ஆகாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. நம் பிழைப்பு வானத்தோடு அவ்வளவு தூரம் பிணைந்திருக்கலாம் என்பது சின்ன விஷயமா?

சரி, இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010. அன்றிலிருந்து இன்றுவரை சூரியன் போன தூரம் ஒரு ஒளியாண்டுகூட, அதாவது ஒளி ஒரு வருஷத்தில் போகிற தூரம்கூட, முழுசாக ஆகவில்லை. கரிகாலன் கல்லணையிலிருந்து எண்ணினாலும் ஒன்றரை ஒளியாண்டு. ஒரு சுருள் கையின் அகலமோ ஆயிரக்கணக்கான ஒளியாண்டு. அதிலும் பக்கத்து நட்சத்திரங்களும் மேகங்களும் பெரும்பாலும் நம்மோடேதான் சுற்றுகின்றன, அவற்றைத் தாண்டி நாம் நகர்வது இன்னும் மெதுவாக. இப்போது நாம் ஒரு மேகத்துக்குள் இருப்பது உண்மை, ஆனால் அது ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு அணுகூடத் தேறாத மேகம். நீ பிறந்ததிலிருந்து இதில் மாறியது ஒன்றுமில்லை.

காஸ்மிக் கதிர்தான் காரணம் என்றால் அதையும் அளந்திருக்கிறார்கள். ஊட்டியிலேயே கிரேப்ஸ்-3 என்று டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கூடம் இருக்கிறது, ராப்பகலாக அதே வேலை. 1950களிலிருந்து உலகம் முழுக்க எடுத்த அளவுகளில் பதினொரு வருஷத்துக்கு ஒரு ஏற்ற இறக்கம் தெரிகிறது, பூமி சூடாவதற்கு ஏற்ற மாதிரி ஒரே பக்கமாகப் போகிற போக்கு தெரியவில்லை. ஜெனீவா பக்கத்து செர்ன் கூடத்தில் கிளவுட் என்ற சோதனையில் மேக வித்து உண்டாவதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள், இன்றைய பருவநிலையை மாற்றும் அளவுக்கு அதில் வலு இல்லை என்று வந்தது. பூமியின் சூட்டைப் போர்வை மாதிரி பிடித்து வைக்கிற கரியமில வாயுவோ தொழிற்சாலைக் காலத்துக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்கு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இன்னொன்று, சூடு வெளியிலிருந்து வந்தால் மேல்வளிமண்டலமும் சேர்ந்து சூடாக வேண்டும். அது குளிர்ந்துகொண்டிருக்கிறது. போர்வைக்குக் கீழே புழுங்குகிறது, மேலே சில்லிட்டுக் கிடக்கிறது, அதுதான் நடப்பு.

எனக்கு இந்தப் போர்வை வயலில்தான் முதலில் தெரிந்தது. உங்கள் தாத்தா காலத்தில் மார்கழி, தைக் கதிர் பால் பிடிக்கிற ராத்திரிகளில் வரப்பில் நடந்தால் கால் விறைக்கும். இப்போது அந்தக் குளிர் வந்த மாதிரி வந்து போய்விடுகிறது. நெல் பகலில் சேர்த்ததை ராத்திரி மூச்சுவிட்டுச் செலவழிக்கும், ராத்திரி சூடானால் செலவு கூடும். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தங்கள் வயல் கணக்கை வைத்து 2004ல் எழுதினார்கள், ராத்திரிக் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி ஏறினால் கோடைப் போக நெல்லில் மகசூல் சுமார் 10 சதவீதம் இறங்குகிறது என்று. நம் பதர் மூட்டைகளைப் பார்த்துவிட்டு அதைப் படித்தால் நெஞ்சு அடைக்கிறது. 2018ல் கஜா புயல் தென்னையைச் சாய்த்தது, 2023 பிப்ரவரி முதல் வாரம் பெய்த மழையில் அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து கதிரிலேயே முளை விட்டது. ஒவ்வொரு புயலையும் மழையையும் இதன் தலையில் கட்டமாட்டேன், அது நியாயமில்லை. ராத்திரிச் சூடு மட்டும் வருஷா வருஷம் என் கைக்கெட்டிய கணக்கு.

அதனால்தான் 'நம்மால் ஆவது ஒன்றுமில்லை' என்று நீ சொன்னது எனக்கு வலித்தது, வானத்தைத் தப்பாகச் சொன்னதைவிட அதிகமாக. உனக்கு எஞ்சினியரிங் தெரியும், அங்கே குளிருக்கு வீட்டைச் சூடாக்க எவ்வளவு கட்டணம், எந்த எரிபொருளில் சூடாகிறது என்று உனக்கே தெரியும். நம் பங்கும் இதில் இருக்கிறது, தண்ணீர் தேங்கி நிற்கிற நெல் வயல் மீத்தேன் விடுகிறது, அதை நான் மறைக்கவில்லை. போன குறுவையிலிருந்து ஒன்பது மா நிலத்திலும் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத்தான் தண்ணீர் கட்டுகிறேன். ஓட்டை போட்ட பிவிசி குழாய் ஒன்றை வயலில் பதித்து, அதற்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கின பிறகு மறுபடி பாய்ச்சுவது. முதலில் பக்கத்து வயல்காரர் 'நடவு காயுதே' என்று பதறினார், இப்போது குழாய் எங்கே வாங்கினது என்று கேட்கிறார். நடுவில் கதிர் பூக்கிற சமயம் மட்டும் காயவிடுவதில்லை.

குத்தகைப் பேச்சை இப்போதைக்கு விடு. ஆடிக்கு லீவு போட முடிந்தால் வா, மேட்டூர் தண்ணீர் நம் கடைமடைக்கு அதற்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன். மொட்டைமாடியில் பாய் போட்டு வைக்கிறேன், தனுசு பத்து மணிக்கு மேல் நன்றாக ஏறியிருக்கும். பேத்திக்கும் காட்ட வேண்டும்.

அம்மா