அதிபரின் கடிதம்: சீனிக் கரண்டியை எண்ணும் பிள்ளைகள் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

போன கிழமை எனக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள் வந்தன. மூன்றிலும் ஒரே முறைப்பாடுதான். "சேர், தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுறன் எண்டு பிள்ளை பக்கத்தில நிண்டு எண்ணுது." இன்னொரு வீட்டில் அம்மப்பாவின் வெற்றிலை வட்டாவையே ஒளித்து வைத்துவிட்டார்களாம். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் பிழை என்னுடையது என்று விளங்கியது. தரம் 9, 10 மாணவருக்கு விவாதம் வைத்தோம், உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தலைப்பு இதுதான்: "உணவுப் பழக்கத்தை மாற்றச் சட்டமும் வரியும் வேண்டும்." எந்த அணி எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தோம். ஆகவே உங்கள் மகன் மேடையில் சோடாவுக்காக வாதாடியிருந்தால் அது அவனுடைய கொள்கை என்று நினைத்து ஏசிவிட வேண்டாம்.

ஒரு மாணவி 400 மில்லிலீற்றர் கொள்ளும் வெற்றுச் சோடாப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் சிவப்பு வட்டம். 2016இல் இருந்து இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு இந்த நிறக் குறியீடு உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. அவள் விஞ்ஞான ஆய்வுகூடத் தராசில் 44 கிராம் சீனியை நிறுத்து, அந்தப் போத்தலுக்குள்ளேயே கொட்டித் தூக்கிக் காட்டினாள். சிவப்பு வட்டம் போட்ட போத்தலில் ஆகக் குறைந்தது இவ்வளவு இருக்கும். ஏறக்குறைய பதினொரு தேக்கரண்டி. மண்டபத்தில் சத்தமே இல்லை. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நானும் அன்று பின்வரிசையில் இருந்து மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். தேத்தண்ணி காலையில் ஒன்று, இடைவேளைக்கு ஒன்று, பின்னேரம் இரண்டு, எல்லாவற்றுக்கும் மூன்று கரண்டி. மிச்சத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எதிரணியும் சும்மா இருக்கவில்லை. "கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படி நம் சிற்றுண்டிச்சாலையில் சோடா இல்லை. கேற்றைத் தாண்டினால் கடையில் இருக்கிறது. 2017இல் இனிப்புப் பானத்தில் உள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி போட்டார்கள், அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள். இதை நம்பியா பழக்கம் மாறும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். மற்ற அணி, 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடானதைச் சொல்லி, அதை வீட்டுக்கு வீடு புத்திமதி சொல்லியா சாதித்தோம் என்று திருப்பிக் கேட்டது. உடனே எதிரணி டெங்குவை எடுத்தது. பூச்சாடித் தட்டில் தேங்கிய தண்ணீரை வெளியே கொட்டிவிட்டால் மட்டும் போதாது, நுளம்பு முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் கிடக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டைத் தேய்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வருவாரா? புள்ளி எதிரணிக்குத்தான் கூடப் போட்டேன். என் மனம் என்னவோ சட்டத்தின் பக்கம்தான். கடைக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளையிடம் மனக்கட்டுப்பாட்டை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, வீட்டுப் பிரச்சினைக்கு வருவோம். பெரியவர்களின் பொருளை ஒளித்து வைப்பது விவாதமல்ல என்று காலைக் கூட்டத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வட்டா திரும்பி வந்துவிட்டதாகக் கேள்வி. ஆனால் அந்தப் பிள்ளை சொன்ன விஷயம் பிழையில்லை. புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஆய்வாளர்கள் எப்போதோ உறுதிசெய்த ஒன்று. அம்மப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது என்பதைத்தான் நாங்கள் இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த விவாதம் வரும் வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில். பள்ளிக்கூடக் கேற்றுக்கு வெளியே என்ன விற்கலாம், அதை யார் தீர்மானிப்பது என்பது தலைப்பு. கடைக்காரரையும் அழைத்திருக்கிறோம். அவருடைய பிள்ளையும் இங்கேதான் படிக்கிறது, அதை மனதில் வைத்துப் பேசுங்கள். பக்கம் பிரிக்கச் சீட்டுக் குலுக்குவோம்.

பிளேன்டீ தருவோம். சீனியைத் தனியாக வைத்திருப்போம்.

இப்படிக்கு,
அதிபர்